ரேட் அட்டையின் பின்பக்கம்

போன வாரம் என் மகள் ஏதோ ஒரு நதியின் பெயரைத் தேடி அட்லஸைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அதற்குள்ளிருந்து ஓர் அட்டை நழுவித் தரையில் விழுந்தது. ஏற்காடு ஏரிக்கரையில் இருக்கும் ஒரு லாட்ஜின் பழைய ரேட் அட்டை. முன்பக்கத்தில் பச்சை மையில் அச்சடித்த இரண்டு கட்டங்கள். இடது கட்டத்தின் தலையில் சீசன், வலது கட்டத்தின் தலையில் ஆப் சீசன். அறை அதேதான், ஜன்னல் அதேதான், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஏரியும் அதேதான்; வலது கட்டத்தில் மட்டும் எல்லாம் பாதி. பின்பக்கம் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். அதில் பென்சிலால் இடம் விடாமல் எழுதியிருக்கிறது. சேலம், மெட்ராஸ், லக்னோ, கோரக்பூர், எல்லை, பொக்காரா. ஒவ்வோர் ஊருக்கும் எதிரே என்றைக்கு, எந்த வண்டி, என்ன சாப்பாடு, குழந்தைக்கு எந்த மருந்து என்ற குறிப்புகள். நெருக்கமான சின்ன எழுத்து என்னுடையது. கொட்டைப்பாக்கு அளவில் உருண்டு உருண்டு நிற்கும் எழுத்து நங்கையாவுடையது. எட்டு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடியே குனிந்து எடுத்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தது, அது பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம். என் நங்கையா அந்த லாட்ஜின் மேனேஜர். இளம் வயதில் கீழே சமவெளியில் கட்டிக்கொடுத்து, இரண்டே வருடத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு மலைக்குத் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொன்னதில்லை. லாட்ஜில் படுக்கை விரிப்புகளைச் சலவைக்குப் போட்டு வாங்கும் வேலையில் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னறை மேஜைக்குப் பின்னால் இருக்கும் நாற்காலிக்கு வந்துவிட்டார். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் வந்து நிற்கிறவர் பெட்டியைக் கீழே வைக்கும் விதத்திலேயே எத்தனை நாள் தங்குவார், சுடுதண்ணீருக்குச் சண்டை பிடிப்பாரா, போகும்போது துண்டை எடுத்துக்கொண்டு போவாரா என்று சொல்லிவிடுவார். இருபது வருடமாக மற்றவர்களின் உல்லாசப் பயணங்களை நடத்திக் கொடுத்தவர், தான் ஒரு பயணம் போனதில்லை. "ஏங்கண்ணு, சாவியக் குடுத்துக் குடுத்து என்ற கையி தேஞ்சு போச்சு. ஒரே ஒரு தடவ மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு சாவிய வாங்கிப் பார்க்கோணும்" என்று என்னிடம் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு வருடமும் சீசன் முடிந்த முதல் வாரத்தில், ஏரிக்கரை வெறிச்சோடிக் கிடக்கும்போது சொல்வார்.

நான் கல்லூரியில் பூகோளம் படித்துவிட்டு, சேலத்திலிருந்து கல்யாணமாகி மேலே வந்தவள். என் கணவர் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். இமயமலையை ஆறு தேர்வுகளில் பழுப்புப் பென்சிலால் தீட்டி மதிப்பெண் வாங்கியிருந்தேனே தவிர, மெட்ராஸுக்கு வடக்கே ஓர் ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. எதையும் முடிவு செய்த பிறகுதான் எனக்கு யோசனை ஆரம்பிக்கும். மகளுக்கு அப்போது ஆறு வயது. பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இளைக்கும். அதனால் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு நாளும் எனக்கு அவள் மூச்சை எண்ணுவதே வேலை. மற்றபடி எனக்கு இருந்த ஒரே உத்தியோகம், லாட்ஜுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களுக்கு நங்கையா சொல்லச் சொல்லப் பதில் எழுதுவது. அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் ரேட்டு. இரண்டாவது சுடுதண்ணீர். மூன்றாவது பனி, அதாவது, இந்த மாதங்களில் மூடுபனியால் காட்சி முனைகளில் ஒன்றும் தெரியாது என்ற வரி. கடைசியில் சாப்பாடு. "பனிய மறைக்கக் கூடாது கண்ணு. மறைச்சா வந்து நின்னு நம்ம மூஞ்சியப் பார்ப்பாங்க. அதச் சொல்லீட்டு ஒடனே சோத்தச் சொல்லீரு, மனசு ஆறிரும்" என்பார். இந்த நான்கு வரிகளை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நேபாளம் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு படத் தபால் அட்டையில். யாரோ ஒரு வடநாட்டுத் தம்பதி, லாட்ஜில் மழையில் மாட்டிக்கொண்டு நங்கையாவின் மிளகு ரசத்தில் காய்ச்சல் தெளிந்து போனவர்கள், அடுத்த வருடம் பொக்காராவிலிருந்து நன்றி எழுதியிருந்தார்கள். படத்தில் ஓர் ஏரி, ஏரியில் ஒரு தோணி, தண்ணீருக்குள் தலைகீழாக ஒரு வெள்ளை மலை. நங்கையா அதை முன்னறை மேஜையின் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். சாவி வாங்க வருகிறவர்கள் கையெழுத்துப் போடும்போது அதைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்பார்கள். "அதுங்களா? நான் போகப்போற ஊருங்க" என்பார், பேருந்து நேரம் சொல்வதுபோல. பன்னிரண்டு வருடமாக அதே பதில். அவரவர் புன்னகைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவார்கள்.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு மே மாதக் கடைசி. லாட்ஜ் முதலாளி, வயரிங் எல்லாம் மாற்ற வேண்டும், ஜூலையில் இருபது நாள் லாட்ஜைப் பூட்டப்போகிறேன் என்று சொன்னார். இருபது வருடத்தில் லாட்ஜ் பூட்டப்படுவது அதுதான் முதல் தடவை. இனி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அன்று மாலை நங்கையா எங்கள் வீட்டுக்கு வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புத்தம்புது ரேட் அட்டை ஒன்றைச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தைத் தட்டி, "எழுது கண்ணு. மேல நேப்பாளம்னு போடு" என்றார்.

என் கணவர் காபித் தம்ளரோடு உள்ளே வந்தார். "ஏனக்கா, மழைக்காலத்துல மழையப் பார்க்க அத்தன தூரம் போகோணுமா? இந்தச் சன்னலத் தொறந்தாப் போதுமே."

"டேய், உன்ற எஸ்டேட்டுல மொளகுக்கொடிக்குக்கூட ஏர்றதுக்கு ஒரு மரம் நட்டுக் குடுத்திருக்கறீங்க. நான் ஒரு ரயிலு ஏறக்கூடாதா?"

"ஏறுங்க. தனியா எப்படிப் போவீங்க? பாஷ?"

"ரூமுக்குக் கமரா, போர்வைக்குக் கம்பல், சுடுதண்ணிக்குக் கரம் பானி. இந்த மூணு வார்த்தைல இருவது வருசம் வடக்கத்திக்காரங்கள மேய்ச்சிருக்கறேன். தனியா ஏன் போறேன்? உன்ற பொண்டாட்டிதான் வர்றா. புள்ளையும் வருது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜூலையில் எஸ்டேட்டில் களையெடுப்பு; அவருக்கு லீவு கிடையாது. "அவ வர்றேன்னு சொன்னா எனக்கு ஒண்ணுமில்லீங்க அக்கா" என்றார். சொல்லமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னார். பக்கத்தில் இருக்கும் கரடியூர் காட்சி முனைக்குப் போகவே இரண்டு நாள் யோசிக்கிறவள் நான். நங்கையா என் முகத்தைப் பார்க்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தனியாகப் போக வீட்டில் ஒப்பமாட்டார்கள், வேறு துணையும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும். அந்தப் பன்னிரண்டு வருடப் பதில் முழுவதும் என் வாயில் வந்து நிற்கிறது என்று எனக்குப் பட்டது. "வர்றேனுங்க நங்கையா" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து வாரங்களைப்போல் உற்சாகமான நாட்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. கல்லூரி அட்லஸை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். ரயில் கால அட்டவணையைப் படிக்க நங்கையாவுக்கு நான் கற்றுக்கொடுத்தேன்; எந்த ஸ்டேஷனில் வண்டி அதிக நேரம் நிற்கிறதோ அங்கேதான் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஆப் சீசனில் போவதை அவர் ஒரு சமாதானமாக நினைக்கவே இல்லை. தொழில் தெரிந்தவர் செய்யும் கெட்டிக்காரத்தனமாக நினைத்தார். "சீசன்ல போறவன் கூட்டத்தப் பார்த்துட்டு வருவான். நாம ஊரப் பார்ப்போம். லாட்ஜுக்காரனும் மூஞ்சி குடுத்துப் பேசுவான்" என்றார். எந்த வாரத்தில் அறைகள் அதிகம் காலியாக இருக்கும், எத்தனை நாள் தங்கினால் இன்னும் குறைப்பார்கள், குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காமல் இருந்தால் என்ன மிச்சம் என்று தன் லாட்ஜில் மற்றவர்கள் தன்னிடம் செய்த பேரத்தையெல்லாம் திருப்பிப் போட்டார். படத்தின் பின்பக்கத்தில் பெயர் இருந்த பொக்காரா லாட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினோம். தபால் ஆபீஸில் அதை எடை போட்டவர், "நேப்பாளத்துக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாமாமா? அப்பறம் அது என்னங்க வெளிநாடு?" என்று சீண்டினார். நங்கையா விடவில்லை. "ஏனுங்க, அங்க கடியாரத்தப் பதனஞ்சு நிமிசம் தள்ளி வெக்கோணுமுங்க. நீங்க சேலம் போறப்பத் தள்ளி வெக்கறீங்களா?" கவுண்ட்டரில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி நடக்கும்போது, "பதனஞ்சு நிமிசம் நெசந்தானே கண்ணு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

உற்சாகம் ஒரு பக்கம் இருக்க, என் யோசனையும் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. மழையில் மலைச்சாலை சரிந்தால்? லக்னோவில் வண்டி மாறும்போது குழந்தை கையை விட்டுவிட்டால்? அங்கே குளிரில் இளைப்பு வந்தால்? டாக்டரிடம் மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர், "உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா, உங்களுக்குத்தான் ஏதாச்சும் எழுதித் தரட்டுமா?" என்றார். கம்பளிச் சட்டை நான்கு பின்னி முடித்தேன். வரமாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று காலையில் நினைப்பேன். மாலையில் அட்லஸைத் திறந்து, பொக்காராவின் மேல் விரலை வைத்தால் எடுக்க மனம் வராது.

அந்தக் காரணமும் வந்தது, புறப்படப் பத்து நாள் இருக்கும்போது. பொக்காரா லாட்ஜ்காரரின் பதில். நங்கையா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "சத்தமாப் படி" என்றார். நான் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அறை பாதி வாடகைக்குத் தருகிறேன். குழந்தைக்குக் கட்டணம் இல்லை. காலையில் ஒரு வாளி சுடுதண்ணீர் உண்டு. அடுத்த வரிக்குப் போன கண் அங்கேயே நின்றது. ஜூலை மாதத்தில் மேகத்தால் மலை தெரியாது, மலை பார்க்க விரும்புகிறவர்கள் அக்டோபரில் வருவது நல்லது என்று மரியாதையாக எழுதியிருந்தது. அக்டோபர் என்றால் பூஜை விடுமுறை. எங்கள் ஊரில் இரண்டாவது சீசன். அக்டோபரில் நங்கையாவுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய விரல் கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தின் மேல், அந்தத் தலைகீழ் மலையின் மேல் இருந்தது. நான் காத்திருந்த காரணம் என் கையில் இருந்தது. அதைப் படித்தால் போதும். "சாப்பாட்டுக்குப் பருப்பும் சோறும் உண்டாமுங்க" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

"சரி சாமி" என்றார். கடிதத்தை வாங்கி மடித்து இழுப்பறையில் வைத்தார்.

நான் செய்தது சரியா என்று அந்தப் பத்து நாளும் என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பனியை மறைக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரிடமே மறைத்துவிட்டேன். இன்று சொல்லிவிடலாம் என்று போவேன், அவர் ஒரு டப்பாவில் எஸ்டேட் காபித்தூளை அமுக்கி அமுக்கி அடைத்துக்கொண்டு, "லாட்ஜுக்காரருக்குக் குடுக்கலாம். அவரும் நம்ம தொழில்காரரு, வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?" என்பார். புளிக்காய்ச்சலும் ராகி மாவும் அவர் பையில் ஏறின. என் பையில் மருந்துகளும் ஸ்வெட்டர்களும். சொல்லாமலே புறப்படும் நாள் வந்துவிட்டது. முதல் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்தைத் தொட்டபோது, நங்கையா ஜன்னல் வழியாக மலையைத் திரும்பிப் பார்த்தார். மேலே எல்லாம் வெள்ளையாக மூடியிருந்தது. "பாரு, நாம எறங்குனதும் கதவச் சாத்தீருச்சு" என்றார். கணவர் மெட்ராஸ் வரை வந்து ரயிலேற்றிவிட்டார். வண்டி நகரும்போது அவர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்து எனக்கு ஒரு விசித்திரமான சந்தோஷம் வந்தது. கவலைப்படும் வேலையை முதல் தடவையாக வேறு யாரோ செய்கிறார்கள்.

ரயில் நாட்களை நீட்டிச் சொல்லப் போவதில்லை. கையை விட்டது குழந்தை இல்லை, நான்தான். லக்னோ பிளாட்பாரத்தில் வேறு பக்கம் நடந்துவிட்ட என்னை மகள்தான் முந்தானையைப் பிடித்து இழுத்து வந்தாள். எல்லை என்பது ஒரு தோரண வளைவும் ஒரு சங்கிலியும், அதன் அடியில் நடந்துபோகும் ஆடுகளும். ஆனால் நங்கையா அந்த வளைவுக்கு அடியில் நின்று, கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைப் பதினைந்து நிமிடம் தள்ளி வைத்துவிட்டு என்னையும் அப்படியே செய்யச் சொன்னார். "இப்ப நாம ஏற்காட்டுக்கு முன்னால இருக்கறோம்" என்றார். அன்று முழுவதும் மலைச்சாலையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறியது; மற்றவர்கள் ஜன்னல் வழியே வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் மூவரும் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டு வளைவுகளை எண்ணினோம். இருபதைத் தாண்டிய பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம்.

பொக்காரா லாட்ஜ்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை மீசைக்காரர். பதிவேட்டைத் திருப்பி நங்கையாவின் பக்கம் நகர்த்தினார். நங்கையா அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தலைகீழாகவே இருபது வருடம் பார்த்த பக்கம் நேராகத் தெரிந்தது அவருக்கு அன்றுதான். தொழில் என்ற கட்டத்தில் தமிழில் மேனேஜர் என்று கொட்டைப்பாக்கு எழுத்தில் எழுதினார். லாட்ஜ்காரர் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நங்கையா இரண்டு கையாலும் வாங்கினார். மாடிப்படி முழுவதும் அதை இரண்டு கையிலும் பிடித்தபடியே ஏறினார். அறைக்குள் போனதும் விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்து, "நம்மூடு மாதிரி மடிக்கத் தெரியல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

ஸ்வெட்டர்களுக்கு வேலையே இல்லை. மழை என்றால் குளிர் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அங்கே மழை பெய்தும் புழுங்கியது. மகளின் நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் மலையும் இல்லை. நான்கு நாள் தங்கலில் மூன்று நாள் ஏரிக்கரைத் திண்டில் உட்கார்ந்து, படத்தில் இருந்ததுபோல் தண்ணீரையும், எதிர்க்கரையையும், குன்றுகளின் அடிவாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் பார்ப்பது என்றாலே குனிந்து பார்ப்பதுதான். லேடீஸ் சீட்டானாலும் பகோடா பாயிண்டானாலும் பள்ளத்தைப் பார்த்து நின்று, கீழே மேகம் விலகி ஊர் தெரியக் காத்திருப்போம். அதே பழக்கத்தில் கீழே எங்கே விலகுகிறது என்று பார்த்தோம். விலகவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் நங்கையா மகளின் ஈரக் கவுனைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நங்கையா, ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்தக் கடுதாசில ஒரு வரிய நான் படிக்காம உட்டுட்டனுங்க."

அவர் கவுனின் கையை நீவி விட்டார். "பனி வரிதானே?"

"எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?"

"ரேட்டுச் சொன்ன. சுடுதண்ணி சொன்ன. நேராப் பருப்புச் சோத்துக்குப் போயிட்ட. ஆப் சீசன்ல பனியச் சொல்லாம கடுதாசி எழுதற லாட்ஜுக்காரன் ஒலகத்துல உண்டா கண்ணு? எழுதலீன்னா அவன் ஏமாத்துக்காரன். இந்த மனுசனப் பார்த்தா அப்பிடியா தெரியுது? அப்ப அந்த வரிய முழுங்குனது நீதான்."

"தெரிஞ்சும் ஏனுங்க வந்தீங்க?"

"அக்டோபருக்கு வான்னுதான் போட்டிருப்பான். அக்டோபருல எனக்கு எவன் லீவு குடுப்பான்? கெடச்சது இதுதான்." அவர் திரும்பி என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "அது போக, நீ ஒரு முடிவெடுத்து அதுல நின்னத நான் மொதத் தடவையாப் பார்க்கறேன். உங்கிட்டப் போயி அந்த வரியப் படின்னு கேட்டு, உன்ன யோசிக்க உட்டுருந்தா, நாம அடிவாரத்தையே தாண்டியிருக்க மாட்டோம். நொம்ப நாளுக்கு அப்பறம் ஒருத்தி எனக்காகப் பொய் சொல்றா. அதக் கெடுப்பனா?"

மறுநாள் காலை எங்கள் பேருந்து. பைகளைத் திண்டில் வைத்துவிட்டு, கடைசியாக ஒரு முறை ஏரியைப் பார்த்து நின்றோம். மகள் தூக்கம் கலையாமல் பைகளின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். முன்பல் விழுந்து, புதுப் பல் அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த வயது.

"அத்தே, மேகத்துக்கு மேல என்னமோ மொளச்சிருக்குது."

"மேகத்துக்கு மேல என்ன கண்ணு இருக்கும்? வானந்தான்" என்றார் நங்கையா, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லீங்க அத்தே. பல்லு மாதிரி."

நாங்கள் இருவரும் திரும்பினோம். அப்போதும் எங்களுக்குத் தெரியவில்லை. குன்றின் உயரத்தில் தேடிக்கொண்டிருந்தோம். மகள் எழுந்து வந்து நங்கையாவின் தாடையைப் பிடித்து மேலே தூக்கினாள். இன்னும் மேலே. குன்றுக்கு மேல், மேகத்துக்கு மேல், மலை என்று ஒன்று இருக்க நியாயமே இல்லாத உயரத்தில், இளஞ்சிவப்பாக வெயில் பட்டு அது நின்றுகொண்டிருந்தது. ஒருவேளை அந்த மூன்று நாளும் விடியலில் சிறிது நேரம் நின்றிருக்கலாம். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் என் மகளின் மூச்சை எண்ண மறந்தேன். பாதையில் பேருந்து ஆரன் அடித்தது. நங்கையா அசையவில்லை, மகளின் கை இன்னும் அவர் தாடையில் இருந்தது. பால் காய்ந்து பொங்கும் நேரம்கூட இருக்காது. பிறகு மேகம் மேலே ஏறி, எங்கள் மலையில் மூடுவதுபோலவே சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. "ஓ" என்றார் நங்கையா, சின்னதாக, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூவரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தோம். எல்லை வரை நிறுத்தவில்லை.

நான்கு வருடம் ஆகிவிட்டது. லாட்ஜ் இப்போது வேறொருவர் கையில் குத்தகைக்கு இருக்கிறது; புது ரேட் அட்டையில் வண்ணப் படம் போட்டிருக்கிறார்கள், ஆப் சீசன் கட்டம் சுருங்கிவிட்டது. லாட்ஜ் அதற்குப் பிறகு ஒரு நாளும் பூட்டப்படவில்லை. நங்கையா அதே நாற்காலியில் இருக்கிறார். கண்ணாடிக்கு அடியில் அதே படம். யாராவது எந்த ஊர் என்று கேட்டால், "நான் போயிட்டு வந்த ஊருங்க" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் கண் தானாக ஒரு முறை கூரையைப் பார்த்துவிட்டு வருகிறது. நான் இன்னும் எல்லாவற்றையும் இரண்டு தடவை யோசிக்கிறேன். கைக்குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது. நேற்றுக்கூட டாக்டரிடம் போக வேண்டுமா வேண்டாமா என்று காலை முழுவதும் வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன்.

இன்றைக்கு ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். திருச்சியிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார்; சின்னக் குழந்தையோடு ஜூலையில் வரலாமா, ஏதாவது தெரியுமா என்று கேட்கிறார். ரேட்டு எழுதிவிட்டேன். சுடுதண்ணீர் எழுதிவிட்டேன். மூன்றாவது வரியில் பேனா நிற்கிறது. பக்கத்தில் அந்தப் பழைய அட்டையை வைத்திருக்கிறேன். ஊர்களும் வண்டிகளும் மருந்துகளும் முடிந்த இடத்தில், அட்டையின் அடி ஓரத்தில், இரண்டு வரிகள் இருக்கின்றன. திரும்பி வரும்போது லக்னோவில் வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் நங்கையா பென்சிலை என்னிடம் நீட்டி, "அந்த முழுங்குன வரிய இப்பத் துப்பு" என்றார். என் நெருக்கமான சின்ன எழுத்தில் எழுதினேன்: ஜூலை மாதத்தில் மேகத்தால் மலை தெரியாது. அவர் பென்சிலை வாங்கி, நாக்கில் தொட்டு, அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தையை எழுதினார். அட்டையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, கொட்டைப்பாக்கு கொட்டைப்பாக்காக அது இன்னும் இருக்கிறது.

தெரிஞ்சுது.